மடிக்காக வரைந்த படத்தைச் சுவரில் மாட்டுவது

படப்புத்தக ஓவியத்தை யாரும் சுவருக்காக வரைவதில்லை. அச்சுக்குப் போவதற்காக வரைகிறார்கள். அச்சான பிறகு யாரோ ஒருவர் மடியில் வைத்துப் பக்கம் புரட்டுவார். அதே படத்துக்குச் சட்டகம் போட்டு, குழந்தைகள் ஓடித் திரியும் அருங்காட்சியகத்தில் மாட்டும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன. பெரியவர்களுக்கான ஓவியக்கூடத்தில் பழகியவர்கள் இந்த வேலைக்கு வந்தால் உயரத்தில் கோட்டை விடுவார்கள். விளையாட்டுக்கூடம் அமைத்துப் பழகியவர்கள் வெளிச்சத்தில் கோட்டை விடுவார்கள். இரண்டாவது தவறு மோசமானது, ஏனென்றால் மங்கிய வண்ணம் திரும்பி வராது.

வெளிச்சத்திலிருந்தே தொடங்கலாம். நீர்வண்ணம், வண்ண மை, ஃபெல்ட் பேனா, சாயம் ஏற்றிய மெல்லிய தாள் ஒட்டுவேலை ஆகியவைதான் படப்புத்தக ஓவியர்கள் அதிகம் கையாளும் பொருட்கள். வெளிச்சத்தில் முதலில் வெளுப்பவையும் இவையே. பாட்டிலில் வரும் பளீரென்ற திரவ நீர்வண்ணங்களில் பல சாயத்தால் ஆனவை. அச்சில் நன்றாக வரவேண்டும் என்று வாங்கியவர்கள், ஐம்பது ஆண்டு நிற்குமா என்று பார்த்து வாங்கவில்லை. ஆகவே தாளில் வரைந்த அசலுக்கு 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பதுதான் உலகம் முழுவதும் அருங்காட்சியகங்கள் பின்பற்றும் உச்சவரம்பு. புற ஊதாக் கதிர், ஒளியின் அளவான லூமன் ஒன்றுக்கு 75 மைக்ரோவாட்டைத் தாண்டக்கூடாது, 10-க்குள் இருந்தால் நல்லது. ஜன்னல் வெளிச்சம் அறவே கூடாது.

வெளிச்சத்தின் கெடுதல் சேர்ந்துகொண்டே போவது என்பதை மறந்துவிடுகிறார்கள். நாளுக்கு 8 மணி நேரம், வாரம் 6 நாள், 12 வாரம் என்று வைத்தால் 50 லக்ஸில் 28,800 லக்ஸ்-மணி. அதே கூடத்தில் ‘குழந்தைகள் பயப்படுகிறார்கள்’ என்று 200 லக்ஸாக உயர்த்தினால் 1,15,200. அதாவது மூன்றே மாதத்தில் ஓராண்டு வெளிச்சத்தை அந்தத் தாள் குடித்துவிடும். இரவில் துப்புரவுப் பணிக்காக எல்லா விளக்கையும் போட்டு வைக்கும் இரண்டு மணி நேரத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் ஒரே அசலைத் தொங்கவிடாமல், இறக்கி வைத்துச் சில ஆண்டுகள் இருட்டில் ஓய்வு கொடுப்பதே வழக்கம்.

குழந்தைகள் பயப்படுவது உண்மைதான். அதற்கு வழி விளக்கைக் கூட்டுவது அல்ல, கண்ணைப் பழக்குவது. வெயில் கொட்டும் முகப்பறையிலிருந்து நேராக 50 லக்ஸுக்குள் நுழைந்தால் யாருக்கும் குகை போலத்தான் தோன்றும். நடுவில் 150 லக்ஸ் அளவில் ஒரு நடைவழி வையுங்கள். ஓவியரின் அறிமுகம், பெரிதாக்கிய பிரதிகள் எல்லாம் அங்கே இருக்கட்டும். உள்ளே சுவர் வெள்ளையாக இருந்தால் படத்தின் தாள் பழுப்பாகத் தெரியும். கொஞ்சம் அடர்ந்த நீலமோ சாம்பலோ அடித்தால் அதே 50 லக்ஸில் தாள் ஒளிரும். 3000 கெல்வின் அளவில் (சற்றே மஞ்சள் சாய்ந்த வெள்ளொளி), வண்ணத் துல்லியக் குறியீடு 90-க்கு மேல் உள்ள எல்இடி போதும். பெயின்ட் அடித்த கையோடு அசலை மாட்டாதீர்கள். புதுப் பெயின்டும், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையும் வெளிவிடும் ஆவி தாளைப் பழுக்கச் செய்யும். மூன்று, நான்கு வாரம் காற்றாட விட்டுவிட்டு மாட்டுவது நல்லது.

அடுத்தது உயரம். பெரியவர்களுக்கான கூடங்களில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 155 செ.மீ. வரை இருக்கும். மூன்று வயதுக் குழந்தையின் கண் ஏறக்குறைய 85 செ.மீ.யிலும் ஆறு வயதில் 105 செ.மீ.யிலும் இருக்கிறது. டோக்கியோவில் 1977-இல் படப்புத்தக ஓவியத்துக்கென்றே திறக்கப்பட்ட சிஹிரோ கலை அருங்காட்சியகம் 135 செ.மீ. என்ற அளவை வைத்திருக்கிறது. அங்கே பெரியவர்களும் நிறைய வருகிறார்கள், அதற்கு அது சரி. பார்வையாளர்களில் பாதிப்பேர் எட்டு வயதுக்குக் கீழே என்றால் இன்னும் இறங்கலாம் என்பது என் கருத்து. 110 செ.மீ. வைத்தால் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் கிட்டத்தட்ட நேர்பார்வை. பெரியவர்கள் சற்றுக் குனிவார்கள், குனியட்டும். ஸ்டூல் போடுவது தீர்வல்ல. அது நகரும், கவிழும், விழும் குழந்தை பிடித்துக்கொள்வது சட்டகத்தைத்தான்.

கொக்கி அடிக்கும் கணக்கு எளியது. நடுப்புள்ளி உயரத்தோடு சட்டகத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, சட்டகத்தின் மேல்விளிம்பிலிருந்து கொக்கிப் பிடி வரையுள்ள இடைவெளியைக் கழிக்கவேண்டும். 50 செ.மீ. உயரச் சட்டகம், இடைவெளி 6 செ.மீ. என்றால் 110 + 25 − 6 = 129 செ.மீ. கம்பி வேண்டாம். இரண்டு புள்ளியில் மாட்டி, கீழே திருகுப் பூட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் முதல் பள்ளிக்கூடக் கூட்டம் வந்து போனதும் படமெல்லாம் கோணலாக நிற்கும். மாட்டுவதற்கு முன், சட்டக அளவிலேயே தாள் வெட்டிச் சுவரில் ஒட்டி, அதன்மேல் ஓர் அக்ரிலிக் துண்டை (கண்ணாடிக்குப் பதில் போடும் தெளிவான பிளாஸ்டிக் தகடு) வைத்து, முழங்காலில் நடந்து பார்ப்பது நல்லது. எந்த விளக்கு அக்ரிலிக்கில் பிரதிபலித்துக் கண்ணில் அடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். மேலிருந்து விழும் ஒளி அந்தப் பரப்பில் பட்டுக் கீழ்நோக்கித்தான் திரும்பும், ஆகவே நிற்கிற பெரியவருக்குத் தெரியாத கூச்சம் குழந்தைக்குத் தெரியும்.

இவ்வளவு தாழ்த்தினால் கை எட்டுமே என்றால், எட்டும். ஆகவே கண்ணாடி வேண்டாம், உடைந்தால் குழந்தைக்கும் ஆபத்து, ஓவியத்துக்கும் ஆபத்து. புற ஊதாவை வடிகட்டும் அக்ரிலிக் போடுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. சாதாரண அக்ரிலிக்கில் நிலைமின்சாரம் ஏறும். பேஸ்டல், கரித்துண்டு போல ஒட்டாமல் நிற்கும் தூளை அது இழுத்துக்கொள்ளும். அத்தகைய படங்களுக்கு நிலைமின்சாரம் ஏறாத வகை அக்ரிலிக்தான் வாங்கவேண்டும், விலை கூடுதல்தான். ஒட்டுவேலையும் நீர்வண்ணமும் ஈரப்பதம் மாறும்போது மேடு தட்டும், ஆகவே படத்துக்கும் அக்ரிலிக்குக்கும் இடையே 5, 6 மி.மீ. இடைவெளி வேண்டும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருந்தால் போதும். 45-க்கும் 60-க்கும் இடையே தினமும் ஊசலாடுவதுதான் கெடுதல். படத்தைப் பின்பலகையில் பொருத்த ஜப்பானியத் தாள் கீலும் கோதுமை மாவுப் பசையும். எந்த டேப்பும் ஆகாது.

சட்டகத்துக்கு முன்னால் 40 செ.மீ. தள்ளி ஒரு தாழ்வான தடுப்பு வைத்தால் பெரும்பாலான கைகள் நின்றுவிடும். தடுப்பின் மேற்பரப்பைத் தட்டையாக விட்டால் ஏறி உட்காருவார்கள், பை வைப்பார்கள். 30 டிகிரி சரிவாக அமைத்து அதில் அச்சான புத்தகத்தின் அதே பக்கத்தைத் திறந்து பொருத்திவிடுங்கள். கைக்கு வேலை கிடைத்துவிடும், சுவரை மறந்துவிடும். கைரேகை எப்படியும் விழும். அம்மோனியாவோ ஆல்கஹாலோ கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைத்தால் அக்ரிலிக் மங்கிப்போகும், நுண்விரிசல் விடும். அக்ரிலிக்குக்கான திரவத்தை மென்துணியில் தெளித்துத் துடைக்கவேண்டும். சட்டகத்தில் நேராகத் தெளித்தால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும்.

இனி, எதைக் காட்டுவது. ஒரு புத்தகத்தின் மிக அழகான நான்கு படங்களைத் தேர்ந்து நான்கு சுவரில் மாட்டுவது சோம்பேறித்தனம். படப்புத்தகத்தின் உயிர் ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே இருக்கிறது. புரட்டினால் என்ன வரும் என்ற அந்தக் காத்திருப்பு சுவரில் தானாக வராது. அடுத்தடுத்த ஐந்து படங்களை வரிசையாக வைத்தால் அது கொஞ்சம் மீளும். இத்தாலியின் போலோனியா சிறார் புத்தகச் சந்தையில் 1967 முதல் நடக்கும் ஓவியர் கண்காட்சியிலும் தனிப்படம் ஏற்பதில்லை. ஐந்து படங்கள் கொண்ட தொடர்தான் கேட்கிறார்கள். வரிசை சுவர் மூலையில் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமான புரட்டலை வேண்டுமென்றே ஒரு திருப்பத்துக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் நன்றாக வேலை செய்யும். வலமிருந்து இடமாகப் படிக்கும் மொழியின் புத்தகம் என்றால் வரிசையும் அப்படியே போகவேண்டும், நுழைவாயிலை அதற்கேற்ப மாற்றுங்கள்.

முடிந்த படங்களைவிட முடியாத தாள்களில்தான் குழந்தைகள் அதிக நேரம் நிற்பார்கள். கட்டைவிரல் அளவுக் கோட்டுச் சித்திரங்கள், முப்பத்திரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் கட்டம் போட்டுத் திட்டமிட்ட கதைப்பலகை, பென்சிலில் வரைந்து நூலால் தைத்த டம்மி (மாதிரிப் புத்தகம்), ஓரத்தில் வெட்டுக்குறி போட்ட இறுதிப்படம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஏன் முப்பத்திரண்டு என்பதை ஒரு பெரிய தாளை மடித்துக் காட்டினாலே போதும். எட்டுப் பக்கம் ஒரு புறம், எட்டுப் பக்கம் மறுபுறம், மூன்று மடிப்பு, பதினாறு பக்கப் பாரம். இரண்டு பாரம் ஒரு புத்தகம். வெட்டாத அச்சுத்தாள் ஒன்று கிடைத்தால் சுவரில் விரித்து மாட்டலாம். சில பக்கங்கள் தலைகீழாக இருப்பதைப் பார்த்ததும் கேள்விகள் கிளம்பும்.

அசலையும் அச்சையும் அருகருகே வைக்கும்போது என்ன வேறுபாடு என்று தேடச் சொல்லலாம். அசலில் எழுத்து இருக்காது. வானம் ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்ற கேள்விக்கு, அங்கே நான்கு வரி வரவேண்டும் என்பதுதான் விடை. அழித்த பென்சில் கோடும் வெள்ளை பூசி மறைத்த பிழையும் தெரியும். நியான் ஆரஞ்சு நான்கு வண்ண அச்சில் மங்கி வந்திருக்கும். இரட்டைப் பக்கத்தின் நடுவில், மடிப்பில் மாட்டக்கூடாது என்பதற்காக முகங்களை ஓவியர் தள்ளி வைத்திருப்பார். விளக்க அட்டையில் இவற்றையெல்லாம் எழுதித் தீர்த்துவிடாதீர்கள். குழந்தைக்கு 24 புள்ளி (பாயின்ட்) அளவுக்குக் குறையாத எழுத்தில் பதினைந்து சொல், பக்கத்தில் பெரியவருக்கு நாற்பது சொல் போதும். கதைச்சுருக்கம் எழுதுவது வீண், புத்தகமே அங்கே இருக்கிறது.

கணினியில் வரைந்தவருக்கு அசல் என்று ஒன்று இல்லை. நிறமி மையில் எடுத்த அச்சுப்படி வைத்து, அட்டையிலும் அப்படியே சொல்லிவிடுங்கள். இதில் ஒரு வசதி, 50 லக்ஸ் கட்டுப்பாடு தளரும், வேண்டுமானால் மறுபடி அச்சடிக்கலாம். சுவரளவு பெரிதாக்கும் படங்களுக்குப் புத்தகத்தை ஸ்கேன் செய்யாதீர்கள். அச்சுப்புள்ளிகள் பெரிதாகி அலையலையாகக் கோலம் போடும், நடு மடிப்பில் படம் விழுங்கப்பட்டிருக்கும். பதிப்பகத்திடமிருந்து மூலக்கோப்பை வாங்குங்கள். 50 செ.மீ. அகலம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் ஏறத்தாழ 5,900 பிக்சல். 3 மீட்டருக்கு விரித்தால் 50 டிபிஐ. இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கப் போதும், குழந்தை மூக்கை ஒட்டிப் பார்க்கும் இடத்துக்குப் போதாது.

அனுமதியில் ஒரே விஷயம். ஓவியத்தை வைத்திருப்பவர் தந்த இரவல் வேறு, காப்புரிமை வேறு. சுவர்ப்படம், அஞ்சலட்டை, பயிற்சித்தாள், சமூக ஊடகம் ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதிக் கேளுங்கள். படத்தை ஓரம் வெட்டுவது, இடவலம் புரட்டுவது, அதன்மேல் எழுத்து ஏற்றுவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலான ஓவியர்கள் ஒப்ப மாட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம்.

செய்து பார்க்கும் பகுதியை அசல்கள் இருக்கும் அறைக்குள் வைக்கவே கூடாது. அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்டில் 2002-இல் திறந்த எரிக் கார்ல் படப்புத்தகக் கலை அருங்காட்சியகத்தில் கலைப்பட்டறைக்குத் தனி அறை இருக்கிறது. கூடத்துக்குள் பென்சில் மட்டும். பேனா, பசை, தண்ணீர், தின்பண்டம் எல்லாம் வெளியே. கதைக்குள் நுழைவது போலக் குடிசை, சுரங்கம், எட்டிப்பார்க்கும் துளை எல்லாம் கட்டுவதாக இருந்தால், திறப்புகள் 9 செ.மீ.க்குக் குறைவாகவோ 23 செ.மீ.க்கு மேலாகவோ இருக்கட்டும். இடைப்பட்ட அளவில் உடல் நுழையும், தலை மாட்டிக்கொள்ளும். 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாயில் அடங்கிவிடும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழானவர்கள் இருக்கும் இடத்தில் கிடக்கக்கூடாது. வாசிப்பு மூலையில் ஒவ்வொரு தலைப்பிலும் ஐந்தாறு படிகள் வாங்கி இரண்டை மட்டும் வெளியே வையுங்கள், மற்றவை கிழிந்ததை மாற்றுவதற்கு.

இரவலாக வந்த பெட்டிகளை வந்த அன்றே திறக்காமல் 24 மணி நேரம் அறையின் தட்பவெப்பத்துக்குப் பழகவிட்டு, பிறகு திறந்து நிலையறிக்கை எழுதவேண்டும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒட்டுவேலையில் எந்தத் துண்டு மேலெழும்புகிறது, எந்த வண்ணம் செதில் விடுகிறது என்று தெரியும். பழைய ரப்பர் பசையில் ஒட்டியவை பழுத்து விடுபட்டு வரும். அசலின் மேல் படரவிட்ட பிளாஸ்டிக் தாள்கள் சுருங்கி வளைந்திருக்கும். இவற்றைப் புகைப்படத்தோடு குறித்துக்கொள்ளாவிட்டால், திருப்பி அனுப்பும்போது பழைய சேதத்துக்கும் நீங்களே பொறுப்பாவீர்கள். இறக்கும் நாளிலும் அதே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பேஸ்டல் படங்களை மட்டும் முகம் மேலே பார்க்கப் படுக்கவைத்து அனுப்புங்கள்.