1,750 மீட்டர் உயரத்தில் தக்காளிச் சாறு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மாமியார் வீட்டில் இருந்த 6 ஆண்டுகளில் குளிர்காலத்துக்கென்று எதையும் சேர்த்து வைக்க வேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டதில்லை. கடலோரத்தில் உறைபனி கிடையாது. நடுக் குளிர்காலமான ஜூலையிலும் தோட்டத்துச் செடியில் நாலு காய் தொங்கும். ஜோகன்னஸ்பர்க்குக்குக் குடிவந்த பிறகுதான், ஒரே இரவுப் பனியில் தக்காளிச் செடிகள் வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிப்போவதைப் பார்த்தேன். அதனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கொல்லையில் காய்ப்பதோடு இரண்டு பெட்டிப் பழமும் வாங்கிச் சாறாக்கிப் பாட்டிலில் அடைத்துவிடுகிறேன். முதலில் உறைபெட்டியில்தான் வைத்தேன். மின்வெட்டு ஓயாமல் வந்த 2023-இல் அது மூன்று முறை உருகி உறைந்து, கடைசியில் எல்லாவற்றையும் கொட்ட நேர்ந்தது. கண்ணாடிப் பாட்டிலுக்கு மின்சாரம் வேண்டாம்.

ஒரு லிட்டர் சாற்றுக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ பழம் பிடிக்கும். நன்கு பழுத்த, அடிபடாத பழங்களாக இருக்க வேண்டும். பனியில் செத்த செடியில் தங்கிய பழங்களை வீணாக்க மனம் வராதுதான். ஆனால் அவற்றில் புளிப்புக் குறைந்துவிடும் என்பதால், அவை பாட்டிலுக்கு ஆகாது.

என் மாமியார் எல்லாப் பழத்தையும் நறுக்கிக் குவித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். அப்படிச் செய்த சாறு இரண்டே நாளில் அடியில் சக்கையும் மேலே மஞ்சள் நீருமாகப் பிரிந்து நிற்கும். பழத்தை வெட்டிய கணத்திலேயே அதிலுள்ள நொதிகள், சாற்றைக் கெட்டியாக வைத்திருக்கும் பெக்டினை உடைக்கத் தொடங்கிவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே நான் நாலைந்து பழங்களை மட்டும் வெட்டி உடனே பாத்திரத்தில் போட்டு, மசித்தபடியே கொதிக்கவிட்டு, அந்தக் கொதி அடங்காத வேகத்தில் மற்றவற்றை வெட்ட வெட்டச் சேர்ப்பேன். கடைசிப் பழம் விழுந்தபின் 5 நிமிடம் கொதித்தால் போதும். பிறகு வடிகட்டியில் தேய்த்துத் தோலையும் விதையையும் நீக்கி, சாற்றை மறுபடி கொதிக்கவைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். புளிப்பு அதை அரிக்கும்.

தக்காளிதான் புளிக்கிறதே, அதற்கு மேல் என்ன என்று நானும் நினைத்திருந்தேன். போட்டுலினம் என்னும் நச்சுக் கிருமி வளராமல் இருக்க, புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவு (புளிப்பு கூடக் கூட இது குறையும்) 4.6-ஐத் தாண்டக்கூடாது, தக்காளியோ அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிறது, சில பழங்கள் தாண்டியும் விடுகின்றன. அந்தக் கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. அவற்றை முளைக்கவிடாமல் தடுப்பது அமிலம் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு லிட்டர் பாட்டிலிலும் தாராளமாக 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை முதலில் ஊற்றிவிட்டே தக்காளிச் சாற்றை நிரப்புகிறேன். மரத்து எலுமிச்சையின் புளிப்பு காய்க்குக் காய் மாறும் என்பதால், கடையில் பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறே இதற்கு ஏற்றது. உப்பு நாக்குக்காகத்தானே ஒழியக் காப்பதற்காக அல்ல.

முதல் ஆண்டு, ரசத்துக்குத் தயாராக இருக்கட்டுமே என்று பூண்டும் கறிவேப்பிலையும் சேர்த்து அடைத்தேன். பூண்டு புளிப்பைக் குறைத்துவிடும் என்று தெரியாத காலம் அது. ஆகஸ்ட் மாதம் இரண்டு பாட்டில்களின் மூடி மேலே உப்பி நின்றது. சுவைத்துக்கூடப் பார்க்காமல் அந்தத் தொகுதி முழுவதையும் எறிந்தேன்; உப்பாத பாட்டிலிலும் நஞ்சு இருக்கலாம், அதற்கு மணமும் நிறமும் காட்டிக்கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

வாய்க்குக் கீழே அரை அங்குலம் விட்டு நிரப்பிய சூடான பாட்டில்களை மூடி, அடியில் தட்டு போட்ட பெரிய பாத்திரத்தில், மூடிக்கு மேல் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கும்படி அமிழ்த்திக் கொதிக்கவிட வேண்டும். கடலோரத்தில் லிட்டர் பாட்டிலுக்கு 40 நிமிடம் என்பதே கணக்கு. இங்கே அது போதாது. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால், தண்ணீர் 100 டிகிரியை எட்டாமல் 94 அளவிலேயே தளதளவென்று கொதித்துவிடுகிறது. பூஞ்சணத்தையும் ஈஸ்ட்டையும் ஒழிக்க அந்தக் குறைந்த சூட்டில் 50 நிமிடம் தேவைப்படும். அரை லிட்டர் பாட்டிலுக்கு 45. தளதளக்கத் தொடங்கியபின் தான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். தொலைபேசியில் இதைச் சொன்னபோது, கொதி என்றால் எங்கும் ஒரே கொதிதானே என்று மாமியார் சிரித்தார். பருப்பு அங்கே எத்தனை நேரத்தில் வேகும், இங்கே எத்தனை நேரம் என்று கேட்டதும் சிரிப்பு நின்றது.

எடுத்த பாட்டில்களைத் துண்டின்மேல் வைத்து ஒரு நாள் தொடாமல் விடுகிறேன். ஆறும்போது மூடியின் நடு டக்கென்ற ஓசையுடன் உள்ளே குழியும். குழியாத பாட்டில் அன்றே ரசத்துக்குப் போகும். மற்றவை தேதி எழுதிய காகிதத்துடன் வெளிச்சம் படாத அலமாரியில் ஓராண்டு இருக்கும்.

எலுமிச்சை சேர்ந்திருப்பதால் இந்தச் சாற்றில் வைக்கும் ரசத்துக்குப் பாதிப் புளி போதும். டர்பன் பாணித் தக்காளிச் சட்னிக்கு மட்டும் இது சரிப்படவில்லை. தோலும் விதையும் நாக்கில் தட்டாமல் அது என்ன சட்னி என்கிறார் மாமியார். அதில் அவர் சொல்வதே சரி.