‘போவோம்’ என்றால் இறந்தகாலம்

பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்தவன் நான். மார்க்குக்காகத்தான். 200க்கு 187 வந்தது, பிரெஞ்சு வரவில்லை. இப்போது நாற்பதைத் தாண்டிய பிறகு, சனிக்கிழமைதோறும் மாம்பலத்தில் ரயிலேறி நுங்கம்பாக்கத்தில் இறங்கி வகுப்புக்குப் போகிறேன்.

போன வாரம் சின்ன வயது ஞாபகம் ஒன்றை எழுதச் சொன்னார் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனோம், அப்பா சுண்டல் வாங்கித் தந்தார் என்று எல்லாவற்றையும் பாஸே கொம்போஸேயில், அதாவது ஒருமுறை நடந்து முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலத்தில், எழுதித் தள்ளினேன். “ஒரே ஒரு ஞாயிறுதானா?” என்றார். ஆங்கிலம் வழியாகப் படித்த வினை. அதில் ஒருமுறை போனாலும் ‘வென்ட்’, வாராவாரம் போனாலும் ‘வென்ட்’தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பீச் பேச்சை எடுத்தேன். “அப்பல்லாம் ஞாயித்துக்கிழமையானா போவோம்டா. சுண்டல் வாங்கித் தருவார். ஒரு நாள் செருப்பைத் தொலைச்சுட்டார்” என்றாள். போவோம், தருவார்: வடிவம் எதிர்காலம், நடந்ததோ முப்பது வருடத்துக்கு முன். வழக்கமாக நடந்தது, ஆகவே பிரெஞ்சில் ஆம்பர்ஃபே, வழக்கத்தைச் சொல்லும் இறந்தகாலம். தொலைச்சுட்டார்: ஒருமுறை நடந்து முடிந்தது, பாஸே கொம்போஸே. அம்மா பிரிக்கிற இடத்தில் நானும் பிரித்தால் போதும்.

அதே கண்ணோடு இணைப்புச் சொற்களைப் பார்த்தேன். ‘அவாங் க’ (முன்) வந்தால் அடுத்த வினை சுப்ஜோங்தீஃப், நடந்ததாகச் சொல்லாமல் மனசில் நினைப்பதாக மட்டும் சொல்லும் வடிவம். ‘அப்ரே க’ (பிறகு) வந்தால் சாதாரண ஆங்திகாதீஃப், உள்ளதை உள்ளபடி சொல்லும் வடிவம். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று பிளஸ் டூவில் எரிச்சலாக இருக்கும். நாமும் அதைத்தானே செய்கிறோம்? நேற்றைய கதையானாலும் ‘அவன் வருவதற்கு முன்’. நாளைய விஷயமானாலும் ‘அவன் வந்த பிறகு’. முன் என்னும்போது அவன் இன்னும் வரவில்லை. பிறகு என்னும்போது வந்தாயிற்று. (‘அப்ரே க’வுக்குப் பின் பிரெஞ்சுக்காரர்களே சுப்ஜோங்தீஃப் போட்டுத் தவறுவது சகஜம். அற்ப ஆறுதல்.)

துணைவினையிலும் மூக்கை நுழைத்தேன். பாஸே கொம்போஸேக்கு ‘எத்ர்’, ‘அவுவார்’ என்று இரண்டு துணைவினைகள்; எது எங்கே என்பதுதான் தலைவலி. ‘மோந்தே’ என்ற வினையில், மாடிக்கு ஏறினேன் என்றால் ‘எத்ர்’. பெட்டியை ஏற்றினேன் என்றால் ‘அவுவார்’. இறங்கினேன், இறக்கினேன் கதையும் அதுவே. தமிழில் ‘ஏறினேன்’ வந்தால் எத்ர், ‘ஏற்றினேன்’ வந்தால் அவுவார் என்று சூத்திரம் போட்டேன். குஷியில் டீச்சருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். ஒரே வரியில் பதில்: “படி ஏறினேன், சொல்லிப் பாருங்க.”

அங்கே அவுவாராம். பிரெஞ்சுக்குப் படிக்கட்டு செயப்படுபொருள். என் சூத்திரம் மாம்பலம் ஸ்டேஷன் படியிலேயே தடுக்கி விழுந்தது.