மதிப்பெண்ணுக்கு ஏற்ற நேரம்
எழுத்துத் தேர்வுக்குத் தயாராகும் எல்லாருக்கும் சொல்கிறேன், மதிப்பெண்ணைப் பார்த்து நேரத்தைப் பிரியுங்கள். 100 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம் என்றால், வினாத்தாளைப் படிக்க 10 நிமிடம், கடைசியில் சரிபார்க்க 20 நிமிடம் போக மிச்சம் 150, அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். 10 மதிப்பெண் கேள்விக்குக் கால் மணி நேரம், அவ்வளவுதான்.

நன்றாகத் தெரிந்த கேள்வியில்தான் ஆபத்து அதிகம், கை நிற்காமல் எழுதிக்கொண்டே போகும், ஆனால் 8 கிடைக்கும் விடையை 9 ஆக்கச் செலவாகும் நேரத்தில் இன்னும் தொடாத ஒரு கேள்வியில் 3, 4 மதிப்பெண் எடுத்துவிடலாம். நேரம் முடிந்ததா, சரி, கொஞ்சம் இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். அப்புறம், கடைசி 5 நிமிடத்தில் ஒரு முழுக் கேள்வி பாக்கி இருந்தால் பத்தி பத்தியாக எழுதாமல் முக்கியக் குறிப்புகளை மட்டும் வரிசையாகப் போடுங்கள்.