மூடுச்சா அம்முணி?

மார்ச் 2

அப்பா இன்று எழுந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடம்.

மார்ச் 3

தோட்டத்து மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்ட் இரவு 11.20-க்குத்தான் வந்தது. நான்தான் போனேன். அம்மா டார்ச்சும் தடியுமாகப் பின்னால் வந்தார். நாலு கேட்வால்வு, நாலு மூலை. முதலாவதைத் திறந்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, இரண்டாவதைத் திறந்த பிறகுதான் முதலாவதை மூட வேண்டும். மாற்றிச் செய்தால் பைப் தாங்காது. இரண்டாவதன் சக்கரம் துருவேறி, இரண்டு கையையும் கொடுத்துத் திருகினால்தான் அசைகிறது. இதை 71 வயதில் அப்பா தனியாகத் திருகிக்கொண்டிருந்தார்.

வரப்பில் அப்பா விழுந்த அந்த இடம் வந்ததும் அம்மா டார்ச்சை வாழை மரங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 4

தூக்கம் வரவில்லை. இந்த வால்வு தானாகத் திறந்து மூட என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டேன். ஒன்றரை அங்குல வால்வு, உள்ளே தண்ணீரை அடைக்கும் வட்டம் 40 மி.மீ. 3 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்றால் ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்) அந்த வட்டத்தின்மேல் ஏறக்குறைய 38 கிலோ பாரம். இதை ஒரு மின்காந்தம் நேராகத் தூக்க வேண்டுமென்றால் சொம்பு அளவுக்குச் சுருள் வேண்டும், அதற்குத் தோட்டம் முழுக்க ஒயர் இழுக்க வேண்டும். அதே 3 பாரில் 1.5 மி.மீ. ஓட்டையை அடைத்து நிற்கும் ரப்பரின்மேல் விழுவது 54 கிராம். ஒரு கோழிமுட்டை. முட்டையைத் தூக்கினால் போதும், மிச்ச 38 கிலோவைத் தண்ணீரே தூக்கிக்கொள்ளும்.

மணி 3.10. அப்பா தூக்கத்தில் முனகுகிறார்.

மார்ச் 6

வாஷிங் மெஷினில் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்றார் அம்மா. பின்பக்கம் திறந்து அதன் வால்வைக் கழற்றினேன். சின்ன வெள்ளை பிளாஸ்டிக். உள்ளே நான் வருஷக்கணக்காக வரைந்துகொண்டிருக்கும் அதே அமைப்பு. டயஃப்ரம் என்ற வளையும் ரப்பர் சவ்வு, அதன் ஓரத்தில் ஊசி நுழையும் ஓட்டை, நடுவில் சற்றுப் பெரிதாக இன்னொன்று, அதை அழுத்தி நிற்கும், ஸ்பிரிங் வைத்த பிளஞ்சர் என்ற சிறு இரும்புத் தண்டு. ஓர ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிந்து டயஃப்ரத்துக்கு மேலே உள்ள அறையை நிரப்பும். மேலும் கீழும் அழுத்தம் ஒன்றுதான், ஆனால் மேலே பரப்பு அதிகம். அதனால் வால்வு தண்ணீரின் பலத்திலேயே மூடி நிற்கிறது. பிளஞ்சரைத் தூக்கினால் நடு ஓட்டை வழியாக அறை காலியாகும். ஓர ஓட்டையால் அவ்வளவு வேகமாக நிரப்ப முடியாது. டயஃப்ரம் எழும்பிவிடும்.

எங்கள் மாடித் தொட்டிக்கும் மெஷினுக்கும் எட்டடி உயரம்கூட இல்லை. கால் பார் வராது. டயஃப்ரம் முழுதாக எழும்ப அது பத்தவில்லை. தொட்டியை உயர்த்த வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப நம்ம கீழ்த்தோட்டத்துல மட்டும் எப்படி எந்திரிக்கும்?"

ராத்திரி வரைக்கும் அந்தக் கேள்விதான்.

மார்ச் 7

பட்டறையில் என் வால்வு திறந்து மூடியது 1,240 சுற்று. கசிவு இல்லை.

மார்ச் 9

கீழ்த்தோட்டத்துக்கு மேட்டுத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர்தான். மட்டக்குழாய் வைத்து அளந்தேன். தொட்டி நிறைந்திருக்கும்போது வால்வுக்கு மேலே 4.1 மீட்டர், அதாவது 0.4 பார். பாதி காலியானால் 0.3. நான் வாங்கிச் சோதித்த மூன்று வால்வுகளில் இரண்டு 0.7 பாருக்குக் கீழே அசையவே இல்லை.

ஸ்பிரிங்கை மெலிதாக்கினேன். 0.3-இல் திறந்தது. மூடும்போது ஒழுகியது. கொஞ்சம் தடியாக்கினேன். ஒழுகவில்லை, திறக்கவும் இல்லை. காலையிலிருந்து ஆறு ஸ்பிரிங்.

லேத் அண்ணன் பார்த்துவிட்டு, "மேல் அறைத் தண்ணிய ஏன் திரும்ப அதே பைப்புக்குள்ள விடறீங்க? வெளிய விட்டா என்னங்க?" என்றார். சரிதான். அறையை வால்வுக்கு அப்பால் உள்ள குழாயில் வடியவிட்டால், டயஃப்ரத்தைத் தூக்கிப் பிடிக்கவே கொஞ்சம் அழுத்தம் செலவாகிறது. நேராக வெளிக்காற்றில் வடியவிட்டால் இருக்கும் 0.3 பாரும் தூக்குவதற்கே கிடைக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூன்று கரண்டித் தண்ணீர் மண்ணில் போகும், போகட்டும். அதற்குப் பைலட், அதாவது மேல் அறையை வடியவிடும் சின்ன வால்வு, மூன்று வழி ஆக வேண்டும். பிளஞ்சரின் இரண்டு முனையிலும் ரப்பர், இரண்டு பக்கமும் அடைக்க வேண்டும், அது நகரும் தூரமோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வரைய ஆரம்பித்துவிட்டேன். கீழ்த்தோட்டத்துக்கு மட்டும் அது. மேலே மோட்டார் அழுத்தம் இருக்கிறது, அங்கே பழைய இரண்டு வழி போதும்.

மார்ச் 11

மூடவில்லை.

நான் செய்து மாட்டிய, இரவு 1.30-க்குத் தானாக மூட வேண்டிய முதல் வால்வு காலை 5 மணிக்கும் திறந்தே கிடந்தது. வாழைக்கு நடுவே கணுக்கால் அளவு தண்ணீர். மற்ற மூன்று பாத்தியும் காய்ந்து கிடக்கின்றன. அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் கேட்டார்.

"மூடுச்சா அம்முணி?"

"மூடுச்சுங்கப்பா."

மார்ச் 12

நேற்று சொன்ன பொய் நாள் முழுக்க உறுத்தியது.

மூடாத வால்வு என்றால் முதலில் ஓர ஓட்டையைத்தான் பார்க்க வேண்டும். அது அடைத்தால் மேல் அறை நிரம்பாது, நிரம்பாவிட்டால் மூடாது. எட்டு ஸ்க்ரூவையும் கழற்றி டயஃப்ரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். 0.8 மி.மீ. வட்டம், சுத்தமாக, வானம் தெரிந்தது. ஓட்டைக்குள் நிற்கும் எஃகு ஊசியும் நேராகத்தான் இருந்தது. டயஃப்ரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த ஊசி ஓட்டையைச் சுரண்டிவிடும், அதற்காகவே வைத்தது. அடைப்பு இல்லை. ஃபில்டரும் 120 மெஷ், கிழிசல் இல்லை.

அடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 13

டயஃப்ரம் 63 மி.மீ. இருக்க வேண்டும். 64.5 இருக்கிறது. ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கிறது. பொருத்தும்போது வழுக்கி உட்காரட்டும் என்று பட்டறைத் தம்பி பேரிங் கிரீஸ் தடவியிருக்கிறான். ஈபிடிஎம் என்ற இந்த வகை ரப்பருக்கு நீரும் வெயிலும் ஒன்றும் செய்யாது, மண்ணெண்ணெய் வகை எண்ணெய் எது பட்டாலும் ஊதிவிடும். சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும்தான். டப்பாவின்மேல் மார்க்கரில் "ரப்பருக்கு இது மட்டும்" என்று எழுதி அவன் கையில் கொடுத்தேன்.

இதுதான் காரணம். இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 14

அப்பா வாக்கரைப் பிடித்து வாசல்படி வரை. மூச்சு வாங்கியது. தோட்டம் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 16

மறுபடியும் மூடவில்லை. புது டயஃப்ரம், சரியான கிரீஸ், சுத்தமான ஓட்டை. மூடவில்லை.

பட்டறைக்குக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தால் ஐம்பது முறையும் ஒழுங்காக மூடுகிறது. தோட்டத்தில் மட்டும் என்ன? வெயில்? இரவில்தானே ஓடுகிறது. உப்பு? இரண்டு நாளில் எவ்வளவு உப்பு படியும்? காந்தத்தில் இரும்புத் தூள்? துடைத்துப் பார்த்தேன், துணி வெள்ளையாகவே இருந்தது.

அம்மாவும் நானும் கையால் மூடிவிட்டு 4 மணிக்கு வந்து படுத்தோம். பைலட்டைக் கையால் திருகி மூட வழி வைத்திருப்பது மட்டும்தான் இன்று எனக்கு ஆறுதல்.

மார்ச் 17

பெஞ்சில் இருந்தது பழைய பாட்டரி. தோட்டத்தில் போட்டது புது பாட்டரி.

மார்ச் 18

மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் காட்டும் அலைக்காட்டியை இரவல் வாங்கிவந்து சுருளில் மாட்டினேன்.

எங்கள் சுருள் பிடித்துக்கொண்டே இருக்கும் வகை இல்லை. 20 மில்லிசெகண்டு ஒரு பல்ஸ், பிளஞ்சர் மேலே போகும், அங்கே ஒரு நிரந்தரக் காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மின்சாரமே வேண்டாம். மூடுவதற்கு எதிர்த்திசையில் ஒரு பல்ஸ். காந்தத்தின் பிடியை ஒரு கணம் அது அழித்தால் ஸ்பிரிங் பிளஞ்சரைக் கீழே தள்ளிவிடும். அழித்தால் போதும். நான் அதற்கு மேலேயும் கொடுத்திருக்கிறேன். எதிர்ப் பல்ஸ் வலுவாக இருந்தால் அந்த எதிர்க் காந்தமே பிளஞ்சரை இழுத்துப் பிடிக்கிறது. பல்ஸ் சட்டென்று நின்றதும் பழைய காந்தம் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. பிளஞ்சர் விழுவதற்கு நேரமே இல்லை.

அளந்தது: பிளஞ்சர் விடுபட 0.6-லிருந்து 1.2 ஆம்பியர் வரைக்கும் வேண்டும். சுருள் 4.5 ஓம். புது பாட்டரி 9.4 வோல்ட், 2 ஆம்பியருக்கு மேலே போய் 1.3-இல் நிற்கிறது, அதற்குக் கீழே வரவே இல்லை. பழையது 7.5 வோல்ட், கடைசி சில மில்லிசெகண்டில் 1.2-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதனால் மூடியது. பலவீனமான பாட்டரிதான் பெஞ்சில் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

மூடும் பாதையில் மட்டும் 3.3 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. ஒரு ரூபாய் சாமான். 9.4 வோல்ட்டில் நூறு முறை, 6.5 வோல்ட்டில் நூறு முறை. இருநூறும் மூடியது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் 11-ஆம் தேதி நடந்ததைச் சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றார். "உங்கம்மா சேலையில சேறு இருந்துச்சு."

மார்ச் 20

பாட்டரிக் கணக்கு. ஒரு 9 வோல்ட் அல்கலைன் பாட்டரியில் சுமார் 16,000 ஜூல். 3 வாட் எடுத்து நாலு மணி நேரம் பிடித்துக்கொண்டிருக்கும் சாதாரணச் சுருளுக்கு ஒரே இரவில் 43,200 ஜூல் வேண்டும். எங்கள் பல்ஸ் அரை ஜூல்கூட இல்லை. ஒரு நாளைக்குத் திறக்க ஒன்று, மூட ஒன்று.

ஆனால் நேரம் பார்த்துக்கொண்டு சும்மா தூங்கும் அந்தச் சின்ன சிப், 20 மைக்ரோ ஆம்பியரில், ஒரு நாளைக்கு 15 ஜூலுக்கு மேல் எடுக்கிறது. வால்வைவிடக் கடிகாரம்தான் அதிகம் குடிக்கிறது. பல்ஸுக்கான மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரை எப்போதும் நிரப்பியே வைத்திருந்தால் அதன் கசிவு இதைவிட மோசம். பல்ஸுக்கு ஒரு நிமிடம் முன்னால் நிரப்பினால் போதும் என்று புரோகிராமை மாற்றினேன்.

ஒரு வாழைப் போகம் முழுக்க ஒரே பாட்டரி. இந்தக் கணக்கில் தாங்கும்.

மார்ச் 22

எக்ஸ்ரே. எலும்பு கூடுகிறதாம், இன்னும் ஆறு வாரம். பார்க்கிங்கில் இருந்து வரிசை வரை இரண்டு மணி நேரம், அவரை உட்காரவைக்க ஒரு நாற்காலி கிடைக்கவில்லை.

மார்ச் 24

ஓர ஓட்டையை 1 மி.மீ. ஆக்கலாமா என்று மறுபடியும். 0.8-இல் மூட 9 விநாடி, 1-இல் 6 விநாடி. பெரிதானால் அடைப்பு குறையும். ஆனால் சீக்கிரம் மூடினால் குழாயில் அடி விழும். 1898-இல் மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களை வைத்து ரஷ்ய விஞ்ஞானி ஜூக்கோவ்ஸ்கி எழுதிய சூத்திரம்தான் இன்றைக்கும். நொடிக்கு 1.2 மீட்டரில் ஓடும் தண்ணீரைப் பிவிசி குழாயில் சட்டென நிறுத்தினால் ஏறக்குறைய 5 பார் கூடுதலாக ஏறும். எங்கள் குழாய் 180 மீட்டர். அலை போய்த் திரும்ப ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவு. 6 விநாடி போதும் என்கிறது கணக்கு. ஆனால் டயஃப்ரம் கடைசி ஒரு மில்லிமீட்டரில்தான் உண்மையில் தண்ணீரை அடைக்கிறது. அந்தக் கடைசி மில்லிமீட்டர் எத்தனை விநாடி?

அளக்க வேண்டும்.

மார்ச் 25

1 மி.மீ. போட்டேன். அழுத்தம் காட்டும் கேஜ் முள் 2.1-லிருந்து 2.9 வரை துள்ளி நின்றது. பரவாயில்லை.

மார்ச் 27

மூன்று வழி வால்வு கீழ்த்தோட்டத்தில். தொட்டி பாதிக்கும் கீழே, கேஜில் 0.28. டிக் என்று ஒரு சத்தம், பக்கக் குழாயில் மூன்று கரண்டித் தண்ணீர் பீய்ச்சி நின்றது, அப்புறம் லேட்டரல் என்ற சொட்டுநீர்க் கிளைக்குழாய்கள் எல்லாம் உப்பி எழுந்தன. கடைசி வாழையின் சொட்டுவாயில் முதல் சொட்டு விழ நாலு நிமிடம். அம்மா அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். "எந்திரிச்சுருச்சு" என்று அங்கிருந்து கத்தினார்.

மார்ச் 28

நாலு வால்வும் தானாகத் திறந்து தானாக மூடின. வீட்டில் படுத்திருந்துவிட்டு நாலரைக்கு எழுந்துபோய்ப் பார்த்தேன்.

மார்ச் 30

அப்பா திண்ணைக்கு வந்துவிட்டார். இரவு காற்று அடங்கியிருக்கும்போது முதல் வால்வின் டிக் அங்கே கேட்கிறது என்கிறார். 60 மீட்டர் இருக்கும், எனக்குக் கேட்கவில்லை.

ஏப்ரல் 1

பத்து நாள் கழித்து இரண்டாவதைக் கழற்றினேன். பிளஞ்சரின் கழுத்தில் வெள்ளையாக ஒரு வளையம். நகத்தால் சுரண்டினால் பொடியாக வருகிறது. போர்த் தண்ணீரின் உப்பு. தடிமன் 0.05 மி.மீ., பிளஞ்சருக்கும் குழாய்க்கும் நான் விட்ட இடைவெளி 0.15. எலுமிச்சைச் சாற்றில் போட்டு வைத்திருக்கிறேன், குமிழ் விடுகிறது. இடைவெளியைக் கூட்டினால் காந்தத்தின் பிடி குறையும். எவ்வளவு குறையும் என்று நாளைக்குக் காலையில்