கன்ஃபைண்ட் ஸ்பேஸ் பயிற்சி: இறங்குவதை விட வெளியே நிற்பதுதான் கஷ்டம்

கன்ஃபைண்ட் ஸ்பேஸ், அதாவது குழி, தொட்டி மாதிரி அடைந்த இடங்களில் இறங்கி வேலை செய்வதற்கான பயிற்சிக்குப் பெயர் கொடுத்தபோது, கயிறு கட்டிக் குழிக்குள் இறக்கிப் பழக்குவார்கள் என்றுதான் எங்கள் செட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். இறங்கவும் பழக்கினார்கள். ஆனால் அதை விட அதிக நேரம், உள்ளே ஒருவன் விழுந்து கிடக்கும்போது மேலே இருப்பவன் குதிக்காமல் நிற்பதற்குப் பழக்கினார்கள். கட்டட வேலையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால், முடித்த கையோடு எழுதுகிறேன்.

முதல் வகுப்பு, எது கன்ஃபைண்ட் ஸ்பேஸ் என்பது பற்றி. மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஆள் உள்ளே போய் வேலை செய்யும் அளவுக்கு இடம் இருக்கிறதா? போக வர வழி குறுகலாக, சிரமமாக இருக்கிறதா? ஆட்கள் தொடர்ந்து இருப்பதற்காகக் கட்டப்படாத இடமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அது கன்ஃபைண்ட் ஸ்பேஸ். மேன்ஹோல், அஸ்திவாரத்துக்குத் தோண்டும் பைல் குழி, பெரிய பைப், லிஃப்ட் பிட் என்று நாங்களே அடுக்கிக்கொண்டு போனோம். அப்போது ட்ரெய்னர் கேட்டார்: "புதுசா கான்கிரீட் போட்ட தண்ணித் தொட்டி. இன்னும் தண்ணியே விடல. சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கணும். இறங்கலாமா?"

பாதிப் பேர் இறங்கலாம் என்றார்கள். சாக்கடை இல்லை, கெமிக்கல் இல்லை, என்ன வந்துவிடப் போகிறது? ட்ரெய்னர் பொறுமையாக விளக்கினார். மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் ஈரப் பலகை மக்க ஆரம்பித்தால், உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் குறையும், கார்பன் டை ஆக்சைடு சேரும். இரும்பு துருப்பிடித்தாலும் ஆக்ஸிஜன் செலவாகும். வாசனை வராது, கண்ணிலும் படாது. இறங்குகிறவனுக்கு மூச்சு முட்டுகிற உணர்வு கூட வராமல் போகலாம், நேராக மயக்கம்தான். தொட்டி என்றால் தண்ணீருக்குத்தானே பயப்பட வேண்டும் என்று நினைத்திருந்தவர்கள் அதற்குப் பிறகு பேசவில்லை.

கட்டட வேலைக்கு இது தனிக் கஷ்டம். தொழிற்சாலையில் இருக்கும் டேங்க் நேற்றும் இருந்தது, நாளையும் இருக்கும். சைட்டில் நேற்று வெட்டாத குழி இன்று இருக்கும், இன்று திறந்திருக்கும் இடத்தை நாளை ஸ்லாப் போட்டு மூடிவிடுவார்கள். அமெரிக்காவில் தொழிற்சாலைகளுக்கான கன்ஃபைண்ட் ஸ்பேஸ் விதி 1993-இல் வந்தது, கட்டட வேலைக்கென்று தனி விதி 2015-இல்தான் வந்தது. 22 வருட இடைவெளி. அதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்து கேஸ் மீட்டர். கைக்கு அடக்கமான பெட்டி, நான்கு வாயுவைக் காட்டும். சுத்தமான காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலும் இறங்கக் கூடாது, 23.5-க்கு மேலே போனாலும் இறங்கக் கூடாது. கூடினால் நல்லதுதானே என்று ஒரு தம்பி கேட்டான். ஆக்ஸிஜன் கூடின இடத்தில் ஒரு பொறி போதும், போட்டிருக்கும் துணியே பற்றி எரியும். அதனால் உள்ளே காற்று வேண்டும் என்று ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவதைக் கனவிலும் செய்யக் கூடாது. ப்ளோயர் வைத்து வெளிக்காற்றைத்தான் உள்ளே தள்ள வேண்டும், அது காற்றை இழுக்கும் வாயை ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது.

மீட்டரில் முதலில் ஆக்ஸிஜன், பிறகு தீப்பிடிக்கும் வாயு, கடைசியில் விஷ வாயு. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. பல மீட்டர்களில் தீப்பிடிக்கும் வாயுவைக் கண்டுபிடிக்கும் சென்சார் சரியாக வேலை செய்யவே ஆக்ஸிஜன் வேண்டும். அது குறைந்திருந்தால் மற்ற எண்ணை நம்ப முடியாது. மீத்தேன் காற்றில் 5 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும் நிலை வந்துவிடும். மீட்டர் அந்த அளவை 100 என்று வைத்துக்கொண்டு கணக்குக் காட்டும், அதில் 10 வந்தாலே வெளியேற வேண்டும். பத்துதானே, இன்னும் தொண்ணூறு இருக்கிறதே என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

ஹைட்ரஜன் சல்பைடு பற்றிச் சொன்னது எல்லாவற்றையும் விட மனதில் நின்றது. அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். 100 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு வந்தால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் அடித்தது, இப்போது அடிக்கவில்லை, சரியாகிவிட்டது என்று உள்ளே இருப்பவன் நினைக்கும் நேரம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் நேரம். எங்கள் மீட்டர் 10 பிபிஎம்மில் அலறும்படி வைத்திருந்தது. சோதனை வாயுவைக் காட்டிப் பார்த்தபோது கையில் அதிர்ந்து, சிவப்பு விளக்கு மின்னி, காதைப் பிளந்தது. தினமும் வேலைக்கு முன் இப்படிக் காட்டிச் சரிபார்த்த மீட்டரைத்தான் எடுக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் விளிம்பில் நீட்டிப் பார்த்துவிட்டு ஓகே சொல்வதும் செல்லாது. மீத்தேன் மேலே நிற்கும், ஹைட்ரஜன் சல்பைடு கீழே தங்கும். மீட்டரில் மாட்டிய குழாயை இறக்கி மேல், நடு, அடி என்று ஒவ்வொரு மட்டத்திலும் நிறுத்தி, கீழே இருக்கும் காற்று மீட்டருக்கு வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத்தான் சைட்டில் முதலில் வெட்டுவார்கள்.

பெர்மிட், அதாவது இறங்குவதற்கான அனுமதிச் சீட்டு எழுதுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யார் இறங்குவது, யார் வெளியே நிற்பது, எத்தனை மணி வரை என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மீட்டர் அலறினால் அந்தப் பெர்மிட் செத்தது. முகக் கவசத்தோடு காற்று சிலிண்டர் மாட்டிப் பழகியதும் அப்படித்தான், தாடி இருந்தால் கவசம் முகத்தில் ஒட்டாது என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

பிராக்டிகலில் ஒரு மேன்ஹோல் மாதிரி செய்து வைத்திருந்தார்கள். மேலே ட்ரைபாட் என்கிற முக்காலி, அதில் கையால் சுற்றிக் கயிற்றை ஏற்றி இறக்கும் வின்ச், கீழே ஆள் எடைக்கு ஒரு பொம்மை. வெளியே நிற்பவர் அட்டெண்டன்ட். எங்கள் செட்டிலேயே மூத்த அண்ணன் ஒருவருக்குத்தான் அந்த வேலை முதலில் வந்தது. "உள்ள இருக்கவன் பதில் சொல்லல" என்று ட்ரெய்னர் சொன்ன அடுத்த நொடி, அண்ணன் ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டார். விசில் ஊதினார் ட்ரெய்னர். "இப்ப உள்ள ரெண்டு பேர், அண்ணே. மேல யாரு இருக்கா?"

அண்ணன் அவசரக்காரர் கிடையாது. யாருக்காவது அடிபட்டால் முதலில் ஓடிப் போய்த் தூக்குகிற மனிதர். குழியில் சாகிறவர்களில் பல பேர் இப்படிப்பட்டவர்கள்தான். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், கன்ஃபைண்ட் ஸ்பேஸில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று இருக்கிறது. நல்ல மனசுதான் அவர்களை உள்ளே இறக்கியிருக்கிறது. அந்த மனசை மாற்ற வேண்டாம், அதற்குச் செய்ய வேறு வேலை கொடுக்க வேண்டும். பயிற்சி செய்தது அதைத்தான்.

என் முறை வந்தபோது வாயால் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னார்கள். ரேடியோவில் உதவி கேட்டேன், ப்ளோயர் ஓடுகிறதா என்று பார்த்தேன், வின்ச் கைப்பிடியைப் பிடித்தேன். பொம்மையின் உடம்பில் கட்டிய ஹார்னஸ் பட்டையில் முதுகுப் பக்க வளையத்தில் கயிறு மாட்டியிருந்ததால் அது நிமிர்ந்தபடியே ஏறியது. வின்ச் மெதுவாகத்தான் ஏற்றும். எவ்வளவு சுற்றினாலும் கயிறு கொஞ்சம்தான் வரும், கை பரபரக்கும். விளிம்புக்கு வந்ததும் பொம்மையின் முழங்கை சிக்கியது. இழுத்துப் பிடுங்காமல் கொஞ்சம் இறக்கி, திருப்பி, மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைக்கக் கூடத் தோன்றவில்லை. அது பொம்மை என்பது அப்போது நினைவில் இல்லை.

எழுத்துத் தேர்வு கஷ்டமில்லை, கேள்விகள் எங்களுக்குப் புரியும் மொழியில் இருந்தன. இது சலுகை கிடையாது, உரிமை. புரியாத மொழியில் தலையாட்டிவிட்டு வாங்கும் பயிற்சி கார்டு குழிக்குள் யாரையும் காப்பாற்றாது. புரியவில்லை என்றால் தயங்காமல் கையைத் தூக்குங்கள்.

அதற்குப் பிறகு சைட்டில் இறங்கச் சொன்னால் நான் முதலில் கேட்பது, "நான் விழுந்தா யாரு, எதை வச்சு, எப்படி எடுப்பீங்க?" ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுவோம் என்பது மட்டும் பதிலாக இருந்தால் போதாது. ஆக்ஸிஜன் இல்லாமல் நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்க ஆரம்பித்துவிடும், எந்த வண்டியும் அதற்குள் வந்து சேர்ந்து ஆளை மேலே எடுத்துவிட முடியாது. "அஞ்சு நிமிஷ வேலைப்பா" என்று சூப்பர்வைசர் ஒருமுறை சலித்துக்கொண்டார். ட்ரைபாட் இல்லாமல் இறங்க மாட்டோம் என்று நானும் அந்த அண்ணனும் சேர்ந்தே சொன்னோம். மறுநாள் காலை ட்ரைபாட் வந்தது, மீட்டர் பார்த்தோம், வேலையை முடித்தோம்.