இரண்டு வாசல் தாண்டி கேம்பிரிட்ஜுக்குள்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் யார் விசாரித்தாலும் அப்பா, "பொண்ணு கேம்பிரிட்ஜில படிக்கா" என்பார். அங்கே எல்லோருக்கும் அது போதும். கேம்பிரிட்ஜில் அது பாதிப் பதில்தான். "எந்த காலேஜ்?" என்ற கேள்வி உடனே வரும். விண்ணப்பம் போட்ட காலத்தில் இந்தக் கேள்வியின் எடை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பல இரவுகள் தூங்கியிருப்பேன். அடுத்து விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காவது தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் போனது கணிதத்தில் ஒரு வருட முதுநிலைப் படிப்புக்கு. அங்கே எல்லோரும் அதை 'பார்ட் த்ரீ' என்றுதான் சொல்வார்கள். விண்ணப்பம் முதலில் துறைக்குப் போகும். மதிப்பெண் பட்டியல், பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், இந்தப் படிப்பு எதற்கு என்று நாமே எழுதித் தருவது, எல்லாம் அவர்கள் பார்ப்பார்கள். துறையிலிருந்து 'சரி' வந்த அன்று தெரு முழுக்க அல்வா கொடுத்தோம். ஆனால் அது முதல் வாசல்தான். ஏதாவது ஒரு கல்லூரியும் நம்மை ஏற்றுக்கொள்ள வேண்டும். கல்லூரி இல்லாமல் அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருக்கவே முடியாது.

மொத்தம் 31 கல்லூரிகள். மிகப் பழையது பீட்டர்ஹவுஸ், 1284இல் தொடங்கியது. பல்கலைக்கழகம் அதற்கும் முந்தியது. ஆக்ஸ்ஃபோர்டில் ஊர்க்காரர்களோடு மோதல் வந்து, அங்கிருந்து கிளம்பிய அறிஞர்கள் 1209இல் இங்கே வந்து சேர்ந்ததில் ஆரம்பித்த கதை. நம்மூரில் பல்கலைக்கழகத்தோடு கல்லூரிகள் இணைந்திருக்கும் முறையை வைத்து இதைப் புரிந்துகொள்ள முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். விரிவுரை, தேர்வு, பட்டம் மூன்றும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. தங்கும் அறை, சாப்பாடு, உடம்புக்கோ மனசுக்கோ முடியாவிட்டால் போய்ப் பேச ஒரு டியூட்டர் என்று மற்றதெல்லாம் கல்லூரி. இளநிலை மாணவர்களுக்கு இரண்டு மூன்று பேராக உட்கார வைத்துப் பாடம் பார்க்கும் 'சூப்பர்விஷன்' ஏற்பாடும் அதன் கையில்தான்.

விருப்பமாக இரண்டு கல்லூரிகளைக் குறிப்பிடலாம். நான் படங்களைப் பார்த்து, ஆற்றங்கரையில் அழகாக இருந்த இரண்டைப் போட்டேன். இரண்டிலும் இடமில்லை. நான் கேட்காத ஒரு கல்லூரி என்னை எடுத்துக்கொண்டது. அன்று அழுதேன். போன பிறகுதான் புரிந்தது, எனக்கு இதைவிட நல்லது அமைந்திருக்காது. வாடகை குறைவு, கணிதத் துறைக்கு நடந்தே போகலாம், பக்கத்து அறைகளில் எல்லாம் முதுநிலை மாணவர்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அறை கிடைக்குமா, துறை எவ்வளவு தூரம், கஷ்டத்தில் உதவ நிதி இருக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள்.

பணம்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. கொஞ்சம் உதவித்தொகை, கொஞ்சம் கல்விக்கடன், மீதி அப்பாவின் சேமிப்பு. விசாவுக்குக் காட்டும் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும். எங்களுக்கு இருபதாவது நாளில் ஒரு காப்பீட்டுத் தவணை தானாகக் கழிந்துவிட்டது. நாலாயிரத்துச் சொச்சம். பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "திரும்பவும் ஒண்ணுல இருந்தா எண்ணணும்?" என்று மட்டும் கேட்டார். பணம் இருப்பதற்கான அத்தாட்சியைக் கல்லூரிக்கும் கெடுவுக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. நடந்ததை அப்படியே மின்னஞ்சலில் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது: கவலைப்படாதே, காத்திருக்கிறோம். முகம் தெரியாத ஓர் அலுவலர் எழுதிய அந்த இரண்டு வரிகளை நான் அழிக்கவே இல்லை. தயவுசெய்து, தானாகக் கழியும் தவணைகளை எல்லாம் வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு எண்ண ஆரம்பியுங்கள்.

அக்டோபரில் போய் இறங்கினேன். கல்லூரி வாசலில் 'போர்ட்டர்ஸ் லாட்ஜ்'. சாவி, தபால், ராத்திரி அவசரம் எல்லாம் அங்கேதான். அங்கிருந்த பெரியவர் நான் பெயர் சொல்லும் முன்பே சாவியை எடுத்து வைத்தார். சுவரில் வரிசையாகக் கடிதப் பெட்டிகள். ஒன்றில் என் பெயர், அப்பாவின் இனிஷியலோடு அச்சாகி ஒட்டியிருந்தது. அதைப் படம் எடுத்துத்தான் வீட்டுக்கு முதலில் அனுப்பினேன்.

அந்த வாரமே மெட்ரிகுலேஷன். இது பத்தாம் வகுப்பு இல்லை, பல்கலைக்கழகத்தில் முறைப்படி சேரும் சடங்கு. கறுப்பு அங்கி போட்டுக் கையெழுத்து, பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு படம். ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் விருந்து. மணி அடித்ததும் எழுந்து நிற்க வேண்டும், லத்தீனில் பிரார்த்தனை முடிந்த பின்தான் உட்கார வேண்டும். எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது என்று யாரும் கவனிக்கவில்லை. பயப்பட ஒன்றுமே இல்லை.

ஒரு பருவத்தில் வகுப்பு எட்டு வாரம்தான், ஆனால் மூச்சு விட முடியாது. ஒரு பாடத்துக்கு 16 அல்லது 24 விரிவுரை. கூடவே கணக்குத் தாள்கள். தேர்வு முழுவதும் வருடக் கடைசியில். முதல் பருவத்தில் ஒரு தாளில் பாதிகூட என்னால் போட முடியவில்லை. டியூட்டரிடம் சொன்னேன். அவர் கணிதக்காரர் இல்லை, கணக்குச் சொல்லித்தரவும் இல்லை. "யாரோடு சேர்ந்து போடுகிறாய்?" என்று மட்டும் கேட்டார். யாரோடும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து கல்லூரிச் சமையலறை மேசையில் நான்கு பேராக உட்கார்ந்தோம். அந்த மேசைதான் என்னைத் தேர்ச்சி பெற வைத்தது.

சோர்ந்த நாட்களில் டிரினிட்டி கல்லூரிப் பக்கம் நடப்பேன். 1914இல் மதராஸிலிருந்து கப்பலேறி வந்த ராமானுஜன் தங்கிய இடம். சைவச் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொண்டு, உலகப் போருக்கு நடுவே, 1916இல் பட்டம் வாங்கினார். அவருடைய 'தொலைந்த நோட்டு' அங்கே ரென் நூலகத்தில்தான் இருந்தது. 1976 வரை உலகம் அதைக் கவனிக்கவில்லை. அவருக்குச் சமையலறை மேசை கிடைக்கவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

ஜூன் மாதம் தேர்வு முடிந்து பட்டமளிப்பு. கல்லூரியிலிருந்து செனட் ஹவுஸ் வரை அங்கியோடு தெருவில் வரிசையாக நடந்தோம். உள்ளே, கல்லூரி சார்பில் நம்மை அழைத்துப் போகும் ஆசிரியரின் வலது கை விரல்களை ஆளுக்கு ஒன்றாக நான்கு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் லத்தீனில் சொல்லி நம்மை ஒப்படைப்பார். பிறகு ஒவ்வொருவராக மண்டியிட்டு, குவித்த கைகளை மேடையில் இருப்பவரின் கைகளுக்குள் வைக்க, அவர் லத்தீனிலேயே பட்டம் தருவார். ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்பாவும் அம்மாவும் வர முடியவில்லை. நேரலையில் பார்த்தார்கள். வெளியே வந்ததும் போன் செய்தேன். அப்பா வாழ்த்துகூடச் சொல்லவில்லை.

"நீ எந்த விரலைப் பிடிச்சே? இங்கே சரியா தெரியல."

"சுண்டு விரல்ப்பா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மாவிடம் சொல்வது கேட்டது, "சுண்டு விரலாம்."