நியூட்ரல் விழாத பைக்

வாரநாட்களில் கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்கு வேலை. ஞாயிறு வந்தால் அதே பைக்கில் லோ லெவல் ரோட்டைப் பிடித்து, ஹங்வெல்லையைத் தாண்டி இறப்பர் தோட்டப் பாதைகளில் ஏறிவிடுவேன். பழைய 250 சிசி ட்ரெயில் பைக். போன மாதம் அதற்கு ஒரு வியாதி வந்தது. கிளச்சை முழுதாகப் பிடித்தாலும் பைக் மெல்ல முன்னே நகரும். ஒரு மாலை பம்பலப்பிட்டிச் சந்தியில், முன்னால் நின்ற முச்சக்கர வண்டியில் முட்டாமல் இருக்க பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே நின்றேன். நியூட்ரல் விழவே இல்லை. எஞ்சினை நிறுத்தினேன், உடனே விழுந்தது.

இதை வைத்தே நோயைப் பிரிக்கலாம். ஏற்றத்தில் திருகும்போது எஞ்சின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. கிளச்சுக்குள் ஒன்றோடொன்று அழுத்தி நிற்கும் வட்டப் பிளேட்டுகள் தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் காருக்கான ஒயிலை ஊற்றியிருப்பார்கள். (எஞ்சின் ஒயிலில் நனைந்தபடி ஓடும் ஈரக் கிளச்சுக்கு, போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற பைக் ஒயில் தரக்குறி போட்ட ஒயில்தான் நல்லது.) என்னுடையது நேர் எதிர். பிடித்தாலும் பிளேட்டுகள் விலகவில்லை.

முதலில் கேபிளைத்தான் பார்க்க வேண்டும், செலவில்லாத வேலை. கிளச் கை நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் ஆட்டம் போதும். எனக்கு அது சரியாகவே இருந்தது. கேபிளின் கீழ் முனையிலும் ஒரு கம்பிகூட அறவில்லை. அதனால் பிளேட்தான் போய்விட்டது என்று முடிவு கட்டி, உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் புது செட் வாங்கி, ஒரு இரவு ஒயிலில் ஊறப் போட்டு மாட்டினேன். இரண்டே நாள், மறுபடி அதே நகர்வு. வாங்கின காசை நினைத்து நெஞ்சு எரிந்தது.

அப்புறம்தான் எங்கள் ஒழுங்கையில் கராஜ் வைத்திருக்கும் அண்ணரிடம் போனேன். பெற்றோலை மூடி, பைக்கை இடப்பக்கம் ரயர் ஒன்றின் மேல் சாய்த்தார். அப்படிச் சாய்த்தால் வலப்பக்க மூடியைக் கழற்ற ஒயிலை வடிக்கத் தேவையில்லை. ஸ்பிரிங், பிளேட் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, இரும்புப் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தார். ஒன்றுகூட வளையவில்லை. பிறகு டோர்ச்சை என் கையில் தந்தார்.

"பிளேட்ட விடும் தம்பி. இந்தக் கூடையில நகத்த வச்சு இழுத்துப் பாரும்."

பிளேட்டுகளைச் சுற்றி நிற்கும் கிளச் கூடையின் அலுமினிய விரல் ஒன்றில் பெருவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தேன். டக், டக், டக். பிளேட்டின் விளிம்பில் நீண்டிருக்கும் ஒவ்வொரு காதும் அடித்து அடித்துத் தன் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் தோண்டியிருந்தது. கிளச்சைப் பிடிக்கும்போது பிளேட்டுகள் பக்கவாட்டில் வழுகி விலக வேண்டும். காதுகள் பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் எப்படி விலகும்? புது பிளேட்டும் அதே பள்ளங்களில்தான் போய் உட்கார்ந்தது.

தட்டை அரத்தால் ஒவ்வொரு விரலையும் இரு பக்கமும் அளவாக ராவினார். ஒரு பக்கம் கூடினால் பிளேட்டுகள் சமமாகத் தாங்காது என்று பலமுறை நிறுத்தி நகத்தால் தடவிப் பார்த்தார். அலுமினியத் தூள் எஞ்சினுக்குள் விழாமல் துணி அடைத்து, முடிந்ததும் கூடையை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்குக்குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். இரண்டு மணித்தியாலம் ஆனது. பள்ளம் இன்னும் ஆழமாக இருந்திருந்தால் ராவியிருக்கவே மாட்டாராம், கூடையையே மாற்றச் சொல்லியிருப்பாராம்.

நேற்று மாலை அதே பம்பலப்பிட்டிச் சந்தி, அதே சிவப்பு விளக்கு. கால் நுனியால் மெல்லத் தட்டினேன், நியூட்ரலைக் காட்டும் பச்சைப் பொட்டு எரிந்தது. கிளச்சை விட்டுவிட்டு இரண்டு கையையும் உதறினேன்.